நூல் என்று எழுதிய துணி

மகனே,

திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குப் போனதும் உன் மேஜை டிராயரில் இருக்கும் அந்த டைப் அடித்த தாளைக் கையெழுத்துப் போட வெளியே எடுத்துவிடாதே. முதலில் இதைப் படித்து முடி. பாதியில் கோபம் வந்தால் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மீதியைப் படி. போன புதன்கிழமை மண்ணடியில் உன் ஆபீஸ் படியேறி வந்தேனே, உன் சிநேகிதர்களுக்குக் கொடுக்க உன் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்ததாகச் சொன்னேன். அது பாதிதான் உண்மை. "ஐரோப்பா சரக்குக்கு ஒரு புது வழி கண்டுபிடித்திருக்கிறேன் அப்பா, முதலாளி என்னையே அந்தப் பிரிவுக்குத் தலைவனாக்கப் போகிறார்" என்று எழுதியிருந்தாய். அந்த வழி என்னவென்று பார்க்கத்தான் வந்தேன். நீ என்னைக் கீழே இருக்கும் ஓட்டலுக்கு அழைத்துப்போய், காபி சொல்லி, அந்தத் தாளை என் முன்னால் விரித்தாய். உன் முகத்தில் அத்தனை பெருமை. நான் என்ன செய்தேன் என்பது உனக்கு நினைவிருக்கும். பையிலிருந்து பேனாவை எடுத்து, நூலுக்கு இங்கிலீஷில் போட்டிருந்த 'யார்ன்' என்ற சொல்லில் டைப்பிஸ்ட் விட்டுவிட்ட ஓர் எழுத்தைச் சேர்த்தேன். "இங்கிலீஷ் நல்லா இருக்குதுபா" என்றேன். பஸ் ஏறிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நேரில் சொல்லத் துப்பில்லாத அப்பன் எழுதுகிறேன். தபாலில் போட்டால் திங்கட்கிழமை தாண்டிவிடும் என்று, நாளை மெட்ராஸ் வரும் எதிர்வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அன்றைக்கு நீ எனக்கு விளக்கியதை நான் முதல்முறை கேட்கிறவன் மாதிரி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா, ஸ்வீடனுக்கு நாம நேரா அனுப்புனா வரி போட்டுத் தீட்டிடுவான். ஸ்விட்சர்லாந்துல வரி கம்மி. ஸ்விஸ்காரன் நம்ம துணிய வாங்கி, துண்டு போட்டு, ஓரத்த மடிச்சித் தச்சி, இது எங்க ஊர்ல நெய்ஞ்சதுன்னு ஸ்வீடனுக்கு அனுப்புவான். அவுங்க நாடுங்களுக்குள்ள வரியே கிடையாது, ஒப்பந்தம் போட்டுக்கினு இருக்கிறாங்க. அவன் ஃபைல்ல வச்சிக்க நாங்க வித்தது பட்டு நூல்தான்னு நாம ஒரு லெட்டர் குடுக்கணும், அவ்ளோதான்." இப்படிச் சொல்லிவிட்டு நீ காபியை ஒரே மூச்சில் குடித்தாய். உனக்கு மீசை அரும்பிய நாளிலேயே இந்த ஒப்பந்தம் எனக்குத் தெரியும், மகனே. அந்தப் புது வழியில் ஐந்து வருஷத்துக்கு முன்பே நான் நடந்துபோயிருக்கிறேன். அந்த வழியில் நான் மிதித்த ஒருத்தியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஆனால் அதற்கு முன்னால், அந்த ஒப்பந்தத்தை நீ எனக்கு விளக்கியதில் பாதியைத்தான் விளக்கினாய். மீதிப் பாதியை நான் சொல்கிறேன், கேள். பிள்ளையார்பாளையத்தில் நம் பெரிய வீட்டைப் பிரித்தது உனக்கு லேசாக நினைவிருக்கலாம். உன் பெரியப்பா, நான், உன் சித்தப்பா, மூன்று பேருக்கும் மூன்று பங்கு. குறுக்கே சுவர் எழுப்பி, தெருப்பக்கம் ஆளுக்கொரு வாசல் வைத்துக்கொண்டோம். ஆனால் சுவரில் உள்ளுக்குள்ளேயே கதவு வைத்தோம். மூன்று வீட்டில் சமைத்தது எதுவாக இருந்தாலும் அந்தக் கதவு வழியாக யாரும் யாரையும் கேட்காமல் போகலாம், வரலாம். தெருவாசல் மட்டும் அவரவர் இஷ்டம். உன் பெரியப்பா வாசலில் கடைப் பலகாரம் நுழையவே கூடாது; ஒரு குழந்தை கடைத் தின்பண்டம் சாப்பிட்டுப் படுத்த படுக்கையான பிறகு அவர் வைத்த சட்டம் அது. சித்தப்பா வாசலில் எல்லாம் நுழையும். நம் வீடு நடுவில், எங்கும் ஒட்டாத வீடு. ஒரு தீபாவளிக்கு உன் சித்தி கடையில் முறுக்கு வாங்கி, பித்தளை அடுக்கில் கொட்டி மூடி, "நான் சுட்டதுதான் அக்கா" என்று உள்கதவு வழியாகப் பெரியம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள். பெரியம்மா ஒன்றை ஒடித்து மோந்து பார்த்தாள். "மாவ வாங்கியாந்து நீ சுட்டிருந்தா அது உன் வூட்டுப் பலகாரம்டி. சுட்டத வாங்கியாந்து ஏனத்த மாத்துனா உன் வூட்டுதாயிடுமா?" என்று அடுக்கைத் திருப்பி வைத்தாள். முறுக்கு போனால் போகிறது. அதற்குப் பிறகு அந்த உள்கதவு வழியாகச் சித்தி உண்மையிலேயே சுட்டு அனுப்பியதையும் பெரியம்மா மோந்து பார்க்க ஆரம்பித்தாள். மூன்றாம் மாதம் கதவுக்குப் பூட்டு வந்தது.

அந்தச் சின்ன நாடுகள் செய்துகொண்டதும் இதுதான். பக்கத்தில் ஆறு நாடுகள் ஒன்றாகி ஒரே மதில், ஒரே வாசல் என்று பெரிய வீடு கட்டிக்கொண்டன. அதில் சேர முடியாதவையும் சேர விரும்பாதவையும் இந்தப் பக்கம் தனியாகக் கூடின. நார்வே, ஸ்வீடன், ஸ்விட்சர்லாந்து, ஆஸ்திரியா, போர்ச்சுகல், பிறகு மீன் பிடித்தே பிழைக்கும் ஐஸ்லாந்து. கூடவே பெரிய ஆளாக இங்கிலாந்து இருந்தது. இந்த வருஷம் முடிந்ததும் அதுவும் டென்மார்க்கும் பெரிய வீட்டுக்குக் குடி போகின்றன என்று ரேடியோவில் சொல்கிறார்கள். இவர்கள் பொது மதில் கட்டவில்லை. வெளியிலிருந்து வருகிற சரக்குக்கு என்ன வரி என்பதை ஒவ்வொரு நாடும் தன் வாசலில் தன் இஷ்டப்படி வைத்துக்கொண்டது. ஆலையிலும் பட்டறையிலும் செய்த பொருளுக்கு மட்டும் உள்கதவைத் திறந்துவிட்டார்கள். வயலில் விளைவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள், ஏனென்றால் எந்த ஊர் உழவனும் சும்மா இருக்கமாட்டான். இப்படி வைத்தால் என்ன ஆகும் என்று உன் சித்தியைக் கேட்டால் சொல்வாள். வெளிச் சரக்கெல்லாம் வரி குறைந்த வாசல் வழியாக உள்ளே வந்து, அடுக்கு மாறி, அடுத்த வீட்டுக்கு இலவசமாகப் போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு சரக்கோடும் அது எங்கே பிறந்தது என்று ஒரு காகிதம் போக வேண்டும் என்று வைத்தார்கள். எனக்குப் புரிந்த வரையில், வெளியிலிருந்து நூல் வந்து அங்கே நெய்தால் துணி அங்கே பிறந்தது. துணியாகவே வந்து அங்கே ஓரம் மட்டும் தைத்தால் அது வெளியூர்ப் பிள்ளைதான். அவர்களுக்கு மேலே அதட்டிக் கேட்க ஒரு பெரிய அதிகாரி கிடையாது. ஸ்விஸ்காரன் எழுதிக் கொடுத்ததை நார்வேக்காரன் நம்ப வேண்டும், அவ்வளவுதான். அத்தனை நாடுகளும் அந்த ஒரு காகிதத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் பட்டு ஏற்றுமதிக் கடையில் இங்கிலீஷ் கடிதம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு ஸ்விஸ் வியாபாரி காஞ்சிபுரத்துக்கே வந்து உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார். உயரமான மனிதர். முதலாளி வீட்டில் இலை போட்டுச் சாப்பாடு. காலை மடக்கத் தெரியாமல் இலையை முழங்காலால் இடித்துக்கொண்டே, பூவே இல்லாத, சரிகையே இல்லாத வெறும் பட்டுத் துணி வேண்டும், நார்வேயில் பெண்கள் கழுத்தில் கட்டிக்கொள்கிற துண்டு செய்ய என்றார். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். கடைசியில் ஒரு விஷயம் என்று சொல்லி, நீங்கள் அனுப்புவது பட்டு நூல் என்று எனக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார். முதலாளிக்கு அதைச் சொன்னேன். அவர் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "என்னாபா அது, துணிய நூலுன்னு எழுதச் சொல்றான்?" என்றார். "அவுங்க ஊரு கணக்கு முதலாளி. நமக்கு ஒண்ணும் ஆவாது. கப்பலுக்குக் குடுக்கிற காகிதத்துல துணின்னுதான் இருக்கும். இது சும்மா அவரு ஃபைலுக்கு" என்றேன். "உனக்குத் தெரியாததா. எழுதிடு" என்றார். அந்த மூன்று சொல்லில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. கடையிலேயே ஐரோப்பிய ஒப்பந்தம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் அல்லவா?

அன்று மாலையே எழுதி, கடைக்காக நானே கையெழுத்தும் போட்டேன். அழகான கடிதம். நாங்கள் தங்களுக்கு அனுப்பிவருவது பட்டு நூல் என்று உறுதி கூறுகிறோம். ஒரே வரி. எழுதும்போது ஒரு வினாடிகூடக் கை நிற்கவில்லை. இந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட நூலுக்கும் துணிக்கும் வித்தியாசம் தெரியும். நூலைச் சாயத்தொட்டியில் முக்கிப் பிழிகிறவர் இருக்கிறார். விடிந்ததும் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்து, அறுந்த இழையை எச்சில் தொட்டு முடிகிறவர்கள் இருக்கிறார்கள். தறிக் குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து முதுகு வளைகிறவன் இருக்கிறான், அவனுக்கு ஊடுநூலைத் தார்க்குச்சியில் சுற்றிப் போடுகிற பெண்டாட்டி இருக்கிறாள். நான் பிறந்ததே அப்படிப்பட்ட ஒரு வீட்டில். இத்தனை பேரையும் ஒரு சொல்லால் இல்லையென்று ஆக்கிவிட்டு, அதைப் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். உன் அம்மாவிடம்கூட அன்று கொஞ்சம் இங்கிலீஷில் பேசியதாக ஞாபகம்.

கடையில் கன்னியம்மா என்று ஒருத்தி இருந்தாள். ஐயம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், ஒரே மகள். வந்த துணியை விரித்துப் பிசிறு நீக்கி, மடித்து, காகிதம் சுற்றிக் கட்டுவது அவள் வேலை. அவள் மடித்த துணியில் ஒரு சுருக்கம் இருக்காது. அவள் கட்டும்போது ஒரு காரியம் செய்வாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை, யாரும் கவனித்ததும் இல்லை. இடுப்பில் முடிந்து வைத்திருக்கும் மஞ்சளை ஈரத்தில் உரசி, ஒவ்வொரு துணியின் முனையிலும் ஒரு பொட்டு வைப்பாள். நம் வீட்டில் புதுத் துணிக்கு மஞ்சள் வைக்காமல் உடுத்துகிறோமா? அதே போலத்தான். ஒருநாள் நான் பார்த்துவிட்டுக் கேட்டேன். "வெறும் துணி போவக் கூடாதுணா. யாரு கட்டப் போறாளோ, அவளும் ஒரு வூட்டுப் பொண்ணுதானே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நார்வேயில் ஒருத்திக்கு இவள் மஞ்சள் வைக்கிறாள் என்று முதலாளியிடம் சொல்லிக் கேலி செய்யலாம் என்று நினைத்து, பிறகு மறந்தும்போனேன்.

ஏழெட்டு மாதம் சரக்கு ஒழுங்காகப் போனது. பிறகு ஸ்விஸ் வியாபாரியிடமிருந்து ஒரு தடித்த கவர் வந்தது. உள்ளே அவருடைய கோபமான கடிதம். அதோடு நார்வே சுங்க அதிகாரி ஒருவர் ஸ்விஸ் அதிகாரிகள் வழியாக அவரிடம் கேட்டிருந்த கேள்வியின் நகல். அந்த அதிகாரி யாரோ, நம் ஊரில் பிறந்திருந்தால் பொல்லாத மாமியாராக இருந்திருப்பார். ஒரு துண்டை எடுத்து, தைத்த ஓரத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். மடிப்புக்கு உள்ளே மஞ்சள். அது சமையல் மஞ்சள்தான் என்றும் விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். பிறகு கேட்டிருந்தார்: இந்தத் துணி ஸ்விட்சர்லாந்தில் நெய்யப்பட்டது, இந்தியாவிலிருந்து வந்தது நூல் மட்டுமே என்று காகிதம் சொல்கிறது, அப்படியானால் தைப்பதற்கு முன்பே இந்த மஞ்சள் துணியில் எப்படி வந்தது? அவ்வளவுதான் கேள்வி. கன்னியம்மா பொட்டு வைத்து அனுப்பிய உண்மை, கடல் தாண்டிப் போய் என் பொய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. "என்னாபா எழுதிக்கிறான்?" என்று எதிரே வந்து நின்றார். மகனே, இந்த இடத்தை நான் ஐந்து வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு தாள் என் கையில் இருந்தது. ஒன்றைத்தான் படித்தேன். "துணியில மஞ்சக் கறையாம் முதலாளி. இனிமே சரக்கு வேணாம்ங்கிறான்" என்றேன். நூல் என்ற சொல்லை விழுங்கிவிட்டேன். "மஞ்சளா? யாருபா வச்சது மஞ்சள்?" என்று அவர் உரக்கக் கேட்டார். உள்ளே கட்டுக் கட்டிக்கொண்டிருந்த கன்னியம்மா எழுந்து கதவுக்கு வந்தாள். "நான்தான் ஐயா வச்சேன்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். வெளிநாட்டிலிருந்து அதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முதலாளி அவளை வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு என் மேஜை ஓரம் வந்து, "அண்ணா, அந்தூர்ல மஞ்சள் ஆவாதா?" என்று கேட்டாள். நான் தலையைத் தூக்காமல் சொன்னேன், "ஆவாதுமா."

அதற்குப் பிறகு எனக்கு ஒரு குறையும் வரவில்லை. அதுதான் கொடுமை. முதலாளி என்னை இன்னும் அதிகமாக நம்பினார். உன் அம்மா, "கன்னியம்மா ஏன் இப்போ வர்றதில்ல?" என்று கேட்டபோது, மகளைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள் என்றேன். அவள் முசரவாக்கம் பக்கம் நாற்று நடவும் களை பறிக்கவும் போகிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். தெருவில் எதிரே வந்தால் வேறு சந்தில் திரும்பிவிடுவேன். ஒருமுறை காமாட்சியம்மன் கோயிலில் அவள் பிரகாரம் சுற்றிவர, நான் அம்மனைப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டேன். நீ அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய். "நேர்மையா இருக்கணும்பா" என்று லீவுக்கு வந்த உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அப்போதெல்லாம் என் நாக்கு எப்படித்தான் கூசாமல் இருந்ததோ.

போன புதன்கிழமை உன் தாளைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்த அதே பஸ்ஸில், வாலாஜாபாத்தில் அவள் ஏறினாள். திரும்ப ஒரு சந்து இல்லை. நேராக வந்து முன்சீட்டில் உட்கார்ந்து பின்பக்கம் திரும்பி, "நம்ம புள்ளைக்குக் கல்யாணமாமேணா! தறிக்காரங்க சொன்னாங்க. கூறைப் புடவை எடுத்தாச்சா?" என்றாள். கை எல்லாம் காய்த்துப்போயிருந்தது. எடுத்தாச்சு என்றேன். "எனக்கும் வந்து தொட்டுப் பாக்கணும்னு ஆசைதான். ஆனா நான் வேணாம்ணா. என் கை வச்ச மஞ்சளால அவ்ளோ பெரிய கடை யாவாரமே பூட்ச்சி. என் மவ வயசுக்கு வந்தப்போ புதுத் துணி எடுத்தேன், அதுக்குக்கூட நான் மஞ்சள் வக்கல. பக்கத்து வூட்டுக்காரிய விட்டு வச்சேன்" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போல. ஐயம்பேட்டை வந்தது, இறங்கிப்போய்விட்டாள். அந்தத் தாளை நான் திருத்தியதற்காக நீ கொடுத்த இனிப்புப் பொட்டலம் என் பையில் இருந்தது. அதை நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, மன்னித்துக்கொள்.

நேற்று ஐயம்பேட்டைக்குப் போனேன். கையில் உன் கல்யாணப் பத்திரிகை, நான்கு மூலையிலும் உன் அம்மா மஞ்சள் தடவியது. வீட்டு வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். ஸ்விட்சர்லாந்து, நார்வே, சுங்கம் என்று நான் சொன்னதெல்லாம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு உன் சித்தி முறுக்கு வாங்கி அடுக்கு மாற்றியதைச் சொன்னேன். உடனே புரிந்துவிட்டது. கையில் இருந்த புளியைக் கீழே வைத்தாள். "அப்போ மஞ்சள் தப்பில்ல" என்றாள். இல்லை என்றேன். "நீ எழுதுனதுதான் தப்பு." ஆமாம் என்றேன். அண்ணா என்று கூப்பிட்டவள் முதல்முறையாக நீ என்றாள். "தெரிஞ்சிக்கினேதான் அன்னிக்கு ஆவாதுன்னு சொன்னியா? அஞ்சி வருசமா நான் என் கையத் திட்டிக்கினு இருக்கிறேன்யா!" என்றாள். குரல் உயர்ந்து, பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். வெகு நேரம் கழித்துக் கதவைத் திறந்து, "எதுக்கு இப்போ வந்து சொல்ற? அதச் சொல்லு" என்றாள். நீ கையெழுத்துப் போட இருக்கும் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். பத்திரிகையை நீட்டினேன். வாங்கவில்லை. மூலையில் இருந்த மஞ்சளை மட்டும் பார்த்தாள். "எடுத்துக்கினு போ. உன் புள்ள வந்து குடுக்கட்டும். என்னா எழுதுனான்னு அவன் மூஞ்சியப் பாத்து நான் கேக்கணும்" என்றாள். அந்தப் பத்திரிகை இந்தக் கவரில் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன் நான் எழுதிய கடிதத்தின் கார்பன் நகலும், அன்று படிக்காமல் மறைத்த அந்த இரண்டாவது தாளும் கூடவே இருக்கின்றன. இரண்டையும் டிரங்குப் பெட்டியில் உன் அம்மாவின் முகூர்த்தப் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். எதற்குக் கிழிக்காமல் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. இன்று காலை அவற்றை எடுத்துக்கொண்டு பழைய முதலாளி வீட்டுக்குப் போய் அந்தத் தாளை முழுவதும் படித்துக் காட்டினேன். அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஊரில் எல்லோரும் செய்கிறார்கள் என்பாய். இந்தக் கையெழுத்து இல்லையென்றால் அந்தப் பதவி இன்னொருவனுக்குப் போய்விடும் என்பாய், போகலாம். தை மாதம் கல்யாணத்தை வைத்துக்கொண்டு வேலையில் வம்பை இழுக்கச் சொல்கிறாரே அப்பா என்று நினைப்பாய். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்று உன் அம்மா நேற்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் எங்கோ இருக்கிற வெள்ளைக்காரனுக்கு என்ன நஷ்டம் என்று மட்டும் சொல்லாதே. ஸ்வீடனில் ஏதோ ஒரு மில்லில் நிஜமாகவே நெய்கிற பெண்கள் இருப்பார்கள். உன் காகிதம் அவர்கள் வேலையில் கை வைக்கும். நாளைக்கு ஸ்விட்சர்லாந்தில் ஒருவன் உண்மையாகவே நூல் வாங்கி நெய்து அனுப்புவான். அவன் சரக்கையும் மோந்து பார்த்துத் திருப்புவார்கள். அடுத்த வருஷம் முதல் இந்தச் சின்ன நாடுகள் ஒவ்வொன்றும் அந்தப் பெரிய வீட்டோடும் தனித்தனியாக ஒப்பந்தம் போடுகின்றனவாம். அங்கேயும் எங்கே பிறந்தது என்ற கேள்விதான் முதலில் வரும், இன்னும் கடுமையாக வரும். பிடிபடும் நாளில் ஸ்விஸ்காரன் உன்னைக் காட்டுவான், உன் முதலாளி உன்னைக் காட்டுவார். நீ யாரைக் காட்டுவாய்? உனக்குக் கீழே குனிந்து கட்டுக் கட்டிக்கொண்டிருக்கும் யாரையாவதுதான் காட்டுவாய். கேட்கிற நேரத்தில் வாய் தானாக அந்தப் பக்கம் போய்விடும். எனக்குப் போனது.

உன் முதலாளியிடம் துணியைத் துணி என்றே எழுதி நேராக ஸ்வீடனுக்கு அனுப்புவோம், வரியைக் கட்டியே விற்போம், காஞ்சிபுரத்தில் நெய்தது என்று பெரிதாகவே அச்சடிப்போம் என்று சொல்லிப் பார். கேட்டால் நல்லது. கேட்காவிட்டால் இந்த இரண்டு தாளையும் எடுத்து அவர் முன்னால் வை. என் அப்பாவின் கையெழுத்து இது, இதனால் நடந்தது இது என்று சொல். என் பெயர் கெடுமே என்று யோசிக்காதே. அது கெட்டு ஐந்து வருஷம் ஆகிறது, எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

ஒன்றே ஒன்று பாக்கி. புதன்கிழமை நான் 'யார்ன்' என்ற சொல்லில்தான் கண்ணை வைத்திருந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் தாளின் அடிப்பகுதி நினைவுக்கு வந்தது. கையெழுத்துப் போட இடம் விட்டு, அதன் கீழே உன் பெயரை டைப் அடித்து வைத்திருந்தாய். உன் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, ஒரு புள்ளி. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் இனிஷியல் என்ன என்று கேட்க, நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன எழுத்து அது. அது நான்தான். நீ எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் முதலில் என்னைப் போட்டுவிட்டுத்தான் உன்னைப் போடுகிறாய். துணியை நூல் என்று ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டேன் மகனே. இரண்டாம் முறை என்னைப் போட வைக்காதே.

உன் அப்பா